எத்திராஜின் கோட்டு

பேய், ஆவி, காற்றுக்கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால், எழுந்து போய் அடுப்பில் பால் வைத்திருக்கிறேனா என்று பார்க்கிற ஆள் நான். எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் விஞ்ஞானம் எடுத்தே தலை நரைத்தவள். ஸ்டாஃப் ரூமில் எவளாவது, ராத்திரி மாடியில் கொலுசுச் சத்தம் கேட்டது டீச்சர் என்று கதை விட்டால், சில்வண்டாக இருக்கும், போய் நோட்டைத் திருத்து என்று வாயை அடைத்துவிடுவேன். அதனால் இதை உங்களிடம் சொல்ல எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் ஹெலன் டீச்சருக்கு வயசாகிவிட்டது, மூளை குழம்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

அப்போது நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர் போகிற வழியில் குடியிருந்தோம். நாவலூர் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் வரிசையாக எழும்பிக்கொண்டிருந்த காலம். எங்கள் சபையில் ஆலயத்துக்குப் பின்னால், ஞாயிறு பள்ளி நடக்கிற ஓட்டுக் கட்டடத்தில், சனிக்கிழமைதோறும் ஒரு கடை போடுவார்கள். பெண்கள் சங்கத்து ஆட்கள் நடத்துகிற கடை. சபையார் கொடுக்கிற பழைய புடவை, சட்டை, வெயிட் தொலைந்துபோன குக்கர், ஏர்போர்ட் சீட்டு கிழிக்காத சூட்கேஸ், கைப்பிடி உடைந்த பீங்கான் கோப்பை எல்லாம் அங்கே வந்து குவியும். ஏழைபாழைகள் கொஞ்சக் காசுக்கு வாங்கிக்கொள்ளலாம், வருகிற பணம் விதவைகளுக்குப் போகும். உள்ளே நுழைந்தாலே அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறும்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. பொருளை எடுத்து மேஜைமேல் வைத்தால் கடையைப் பார்த்துக்கொள்கிற ரூபி அக்கா "யாருக்கு?" என்று கேட்பார்கள். பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னதும் அந்தப் பொருள்மேல் கையை வைத்து, அந்தப் பெயரைச் சொல்லி ஒரு சின்ன ஜெபம் செய்வார்கள். சுற்றி நிற்கிறவர்கள் ஆமென் சொல்ல வேண்டும், அப்புறம்தான் பையில் போட்டுத் தருவார்கள். வசதி உள்ளவர்கள் வாங்கக் கூடாது என்றெல்லாம் சட்டம் கிடையாது. ஆனால் எங்களுக்கு மானம் என்று ஒன்று இருக்கிறதே! யாரும் எனக்கு என்று சொல்ல மாட்டோம். பேங்க் மேனேஜர் மனைவி வெளிநாட்டு லேஸ் விரிப்பை எடுத்துவிட்டு "எங்க ஆயாவுக்கு" என்பாள். ஹெட்மாஸ்டர் மனைவி ஹாண்ட்பேக்கை எடுத்துவிட்டு "டிரைவரோட பொண்ணுக்கு" என்பாள். தாம்பரத்தில் இத்தனை ஆயாக்களும் டிரைவர்களும் எங்கிருந்து வந்தார்கள் என்று கர்த்தருக்குத்தான் வெளிச்சம். எல்லோருக்கும் தெரியும், யாரும் காட்டிக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான்.

என் மகன் ஜோயலுக்கு அந்த வருஷம் டெல்லியில் வேலை கிடைத்திருந்தது. பொங்கல் முடிந்ததும் போய்ச் சேர வேண்டும். அங்கே ஜனவரிக் குளிர் எலும்பைத் துளைக்கும் என்று ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். தாம்பரத்தில் எங்கே போய்க் கம்பளிக் கோட்டு வாங்குவது? அப்படி இருக்கும்போது ஒரு சனிக்கிழமை அந்தக் கடைக் கம்பியில் ஒரு கோட்டு தொங்கியது. கரும்பழுப்பு நிறம், கனமான கம்பளி, உள்ளே பட்டுத்துணி லைனிங், ஒரு பொத்தான்கூடப் போகவில்லை. அதைத் தொட்டதுமே ஜோயல் அதைப் போட்டுக்கொண்டு டெல்லித் தெருவில் நடக்கிறது மாதிரி என் கண்முன் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஒருத்தி கையை நீட்டுவதற்குள் நான் உருவிக்கொண்டேன்.

"யாருக்கு டீச்சர்?" என்றார்கள் ரூபி அக்கா.

என் பையனுக்கு என்று சொல்லியிருந்தால் ஒன்றும் குடிமுழுகியிருக்காது. சிரித்துக்கொண்டே கொடுத்திருப்பார்கள். ஆனால் சுற்றிலும் ஆட்கள், டெல்லி வேலை, டெல்லி வேலை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டது வேறு நான்தானே? "எங்க வீட்டுல வேலை செய்ற செல்வி இருக்கால்ல, அவ வீட்டுக்காரருக்கு. எத்திராஜ். நாவலூர்ல நைட் வாட்ச்மேன். பாவம், மழையிலயும் பனியிலயும் நிக்கிறார்" என்றேன். மழை, பனி எல்லாம் தானாக வாயிலிருந்து வந்தது. அத்தனையும் உண்மை வேறு, அதுதான் கொடுமை.

ரூபி அக்கா கண்ணை மூடிக் கோட்டின்மேல் கையை வைத்தார்கள். "ஆண்டவரே, இந்த அங்கியைத் தரிக்கப்போகிற உமது பிள்ளை எத்திராஜை உமது செட்டைகளின் கீழே மறைத்துக் காத்தருளும்." எல்லோரும் ஆமென் என்றார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னது நான்தான்.

கோட்டு ஜோயலுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்து, "அம்மா, ஹீரோ மாதிரி இல்ல?" என்றான். எங்கே வாங்கினாய் என்று கேட்டதற்குத் தெரிந்தவர்கள் கொடுத்தார்கள் என்று சொல்லி மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். அதோடு அதை மறந்தும் போனேன்.

அந்த வருஷத்து மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். பிடித்தால் விடவில்லை. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ரோட்டுக்கு ஏறி வந்தது, முடிச்சூர் பக்கம் வீட்டுக்குள் மீன் நீந்தியது. செல்வி குடியிருந்தது ராஜகீழ்ப்பாக்கம் ஏரிக்கரையில், ஷீட் போட்ட வீடு. ஒருநாள் அவள் முந்தானையைப் பிழிந்துகொண்டே வந்து, பாத்திரத்தைப் போட்டுத் தேய்த்தபடி சொன்னாள்.

"டீச்சர், நேத்து மத்தியானம் ஒரு வயசான அம்மா எங்க வூட்டாண்ட வந்துச்சு. இந்த மழைல கறுப்புக் கண்ணாடி வேற போட்டுக்கினு. 'எத்திராஜுக்குக் கோட்டு வந்துச்சாம்மா'ன்னு கேக்குது. இன்னா கோட்டு, ஏது கோட்டுன்னு எனக்கு ஒண்ணும் புரியல. உங்க கோயில் ஆளாட்டம் கீது."

எனக்கு ஜிவ்வென்று ஏறியது. பயம் இல்லை, கோபம். என்ன திமிர் இந்தப் பெண்கள் சங்கத்துக்கு? வீடு வீடாக ஆள் அனுப்பிச் செக் பண்ணுகிறார்களா? பேங்க் மேனேஜர் வீட்டு ஆயாவைப் போய்க் கேட்டார்களா? நான் செல்வியின் விலாசத்தைக் கடையில் சொல்லவே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மாட்டிக்கொள்ளக் கூடாது என்பது மட்டும்தான் மண்டையில் ஓடியது. "ஆமா செல்வி, சபையில உன் வீட்டுக்காரருக்கு ஒரு கோட்டு குடுத்தாங்க. ஒரே அழுக்கு, டிரை கிளீனிங்குக்குப் போட்டிருக்கேன். வந்ததும் தர்றேன்" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். சரி டீச்சர் என்று சொல்லிவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அலமாரி இருக்கிற அறையைக் கூட்டப் போனாள்.

சில நாள் கழித்து மறுபடியும் அதே கதை. "அந்தம்மா திரும்ப வந்துச்சு டீச்சர். உள்ள வாம்மா, நனையாதன்னேன். வரல. இவரு ராத்திரி டூட்டி முடிச்சு வந்து உள்ள படுத்துக்கினு இருமிகினே இருந்தாரு. அத அப்படியே வாசல்லயே நின்னு கேட்டுகினு இருந்துச்சு. அப்பறம் போயிடுச்சு."

எத்திராஜ் வேலை பார்த்த இடம் பாதி கட்டி முடித்த ஆபீஸ் கட்டடம். ஷெட் ஒழுகுகிறது, ராத்திரி முழுக்க நனைந்த சட்டையோடே உட்கார்ந்திருக்கிறார், மார்பில் சளி கட்டிக்கொண்டு கர் கர் என்கிறது, வேலைக்குப் போகாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்றாள் செல்வி. அவள் சொல்லிவிட்டுப் போனபிறகு நான் அலமாரியைத் திறந்து கோட்டை எடுத்துக் கட்டில்மேல் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நியாயம் எது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் டெல்லியில், தெரிந்தவர் யாரும் இல்லாத ஊரில் என் பிள்ளை வெடவெடவென்று நடுங்குவான் என்று நினைத்ததுமே கை தானாகக் கோட்டை மடித்து உள்ளே வைத்துவிட்டது. பாவத்துக்குப் பரிகாரம் மாதிரி, என் வீட்டுக்காரருடைய பழைய ஸ்வெட்டர் ஒன்றை மறுநாள் செல்வியிடம் கொடுத்தேன். முழங்கையில் ஓட்டை. அவள் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

இதுவரைக்கும் எல்லாம் செல்வி சொன்னது. இனிமேல் சொல்வது நான் என் கண்ணால் பார்த்தது.

மழைக்காகப் பள்ளிக்கூடத்தை மத்தியானத்தோடு விட்டிருந்தார்கள். வீட்டில் நான் மட்டும்தான். கரண்ட் இல்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது வெளியே கேட் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் கிரில்லுக்கு அந்தப் பக்கம் ஒரு வயசான அம்மா நிற்கிறார்கள். வெளிறின நீலத்தில் காட்டன் புடவை, ஒல்லியான உடம்பு, கண் ஆபரேஷன் செய்தவர்களுக்குக் கொடுப்பார்களே, பக்கவாட்டிலும் மூடியிருக்கிற பெரிய கறுப்புக் கண்ணாடி, அது முகத்தில் பாதியை மறைத்திருந்தது. ஓஹோ, இந்த அம்மாள்தானா என்று எனக்கு நெஞ்சு திக்கென்றது, சாமி சத்தியமாக அப்போதுகூட மாட்டிக்கொண்டோமே என்கிற திக்குதான்.

"டீச்சரம்மா, எத்திராஜுக்குக் கோட்டு போய்ச் சேர்ந்துச்சா?" என்றார்கள். குரலில் அதட்டல் இல்லை, குற்றம் சாட்டுகிற தொனியும் இல்லை. மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்கிற மாதிரி கேட்டார்கள்.

"குடுத்துட்டேன்மா. அப்பவே குடுத்துட்டேன்" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா?

"அப்படியா, சந்தோஷம்" என்றார்கள். "கம்பளியாச்சே. அலமாரியிலயே வெச்சிருந்தா பூச்சி அரிச்சுடும்." பிறகு என் கையில் இருந்த வெங்காயத்தைப் பார்த்து, "கண்ணு எரியுதாம்மா?" என்று கேட்டார்கள். நான் தலையை ஆட்டினேன். திரும்பி மெதுவாக நடந்து போனார்கள். அவ்வளவு மழையில் அவர்களிடம் குடை இல்லை என்பதைக் கேட் சாத்தின பிறகுதான் கவனித்தேன். கூப்பிட்டுக் குடை கொடுக்கலாம் என்று ஓடிப்போய்த் தெருவைப் பார்த்தேன். எங்கள் தெரு நேராக மெயின் ரோடு வரைக்கும் தெரியும். ஒரு ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக்குள் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன், நான்தான் விஞ்ஞானம் படித்தவளாயிற்றே!

ஆனால் அன்றைக்கு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அலமாரி விஷயம் அவர்களுக்கு எப்படித் தெரியும்? செல்விதான் போட்டுக்கொடுத்திருக்க வேண்டும் என்று அவள்மேல் ஆத்திரம் வந்தது. மறுநாள் சனிக்கிழமை. சண்டை போடுகிற எண்ணத்தோடுதான் கடைக்குப் போனேன். "என்ன ரூபி அக்கா, ஒரு சாமான் வாங்கினா வீடு தேடி வந்து விசாரிப்பீங்களா? நாங்க என்ன திருடங்களா?" என்று எடுத்த எடுப்பிலேயே கத்தினேன்.

ரூபி அக்கா மிரண்டுபோனார்கள். "நாங்க யாரையும் அனுப்பலையே டீச்சர். எங்களுக்கு ஏது நேரம்? அப்படிப் போறதுன்னா நம்ம நர்ஸ் கிரேஸம்மா ஒருத்தங்கதான் போவாங்க. குடுத்தது போய்ச் சேர்ந்துச்சான்னு கண்ணால பாக்காம அவங்களுக்குச் சோறு எறங்காது. பஸ் புடிச்சு வீடு தேடிப் போய்ப் பாத்துட்டு வருவாங்க" என்றவர்கள் கொஞ்சம் நிறுத்தி, "அவங்க இருந்த வரைக்கும்" என்றார்கள்.

இருந்த வரைக்கும் என்றால்? பெரிய சபை, பேரைக் கேட்டிருக்கிறேனே தவிர எனக்கு அவர்களைப் பழக்கமில்லை. கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த வாரமே மாரடைப்பில் போய்விட்டார்களாம். லெந்து காலத்தில், ஈஸ்டருக்கு முன்னால். அடக்கத்துக்குப் போனவர்களில் ரூபி அக்காவும் ஒருத்தர். "நீங்க வாங்கினீங்களே கோட்டு, அது அவங்க வீட்டுக்காரரோடதுதான் டீச்சர். சாகிறவரைக்கும் யாருக்கும் குடுக்காம வெச்சிருந்தாங்க. அவங்க மக வந்து வீட்டைக் காலி பண்றப்ப எல்லாத்தையும் இங்க கொண்டாந்து போட்டுட்டுப் போனா." சொல்லிவிட்டு, வேறு எதுவும் தெரியாமல், நல்ல மனசோடு என்னைக் கேட்டார்கள்: "எத்திராஜுக்குக் கோட்டு சரியா இருந்துச்சா?"

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியவில்லை. கோட்டைப் பையில் திணித்துக்கொண்டு, தண்ணீர் தேங்கின ரோட்டில் ஆட்டோக்காரரிடம் கெஞ்சி ராஜகீழ்ப்பாக்கம் போனேன். செல்வி வீடு பூட்டியிருந்தது. எத்திராஜுக்கு ராத்திரி மூச்சுத் திணறி, விடிவதற்குள் அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அந்த மனிதர் செத்தால் அது என்னால்தான். அதே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வேறு எந்த நினைப்பும் இல்லை. ஜெபம் பண்ணலாம் என்று வாயைத் திறந்தால் அன்றைக்கு நான் சொன்ன அந்த ஆமென்தான் காதில் கேட்கிறது. நடுரோட்டில் ஓவென்று அழுதேன், ஆட்டோக்காரர் பயந்துபோய் ஓரங்கட்டிவிட்டார்.

எத்திராஜ் சாகவில்லை. நான் போனபோது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து பன்னைப் பாலில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். விடியற்காலையில் கைவிரித்த டாக்டரே, இனிமேல் பயமில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். வார்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்த செல்வி, என் கையில் இருந்த பையைப் பார்த்தாள்.

"டிரை கிளீனிங்லேர்ந்து வந்துடுச்சா டீச்சர்?"

நான் பையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். "தெனம் அந்த அலமாரிய தொடைக்கிறதே நான்தான். தம்பி போட்டுக்கினு கண்ணாடி முன்னாடி நின்னத நானும்தான் பாத்தேன்" என்றாள்.

"அப்பவே என்கிட்ட கேட்டிருக்கலாமே செல்வி."

"கேட்டா குடுத்திருப்பீங்களா?" என்றாள். நான் பையை அவள் மடியில் வைத்தேன். அவள் அதை எடுத்து என் பக்கம் தள்ளிவிட்டாள். "வாணாம் டீச்சர். காலைல அந்தம்மா இங்கயே வந்துச்சு. நானும் கடுப்புல சொல்ட்டேன், கோட்டு வரல, வரவும் வராது, அது டீச்சர் புள்ளைக்குன்னு. கோவப்படும்னு பாத்தேன். படல. உள்ள வந்து இவரு நெஞ்சு மேல கைய வெச்சுது. 'இவருக்கு இனிமே தேவைப்படாதும்மா, சரியாயிடும். கோட்ட அந்த டீச்சரே வெச்சுக்கட்டும். பாவம், அவங்களுக்குத்தான் ரொம்பக் குளுரப்போவுது'ன்னுச்சு."

"எப்போன்னு சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"நான் இன்னாத்த கண்டேன்? கேட்டா சொல்லிகினு நிக்கிற ஆளா அது? போயிடுச்சு" என்றாள் செல்வி. அந்த அம்மாள் யார் என்பதை அன்றைக்கும் நான் அவளிடம் சொல்லவில்லை, அதற்கப்புறமும் சொல்லவில்லை. அடுத்த மாதமே எத்திராஜுக்கு நாவலூரிலேயே பகல் வேலை கிடைத்து, அவர்கள் அந்தப் பக்கம் குடிபோய்விட்டார்கள்.

ஜோயலை அந்தக் கோட்டைத் தொடவே விடவில்லை. பூச்சி அரித்துவிட்டது என்று சொன்னேன். அவன் டெல்லியில் முதல் சம்பளத்தில் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டான், இப்போது கல்யாணமாகிப் பிள்ளை குட்டிகளோடு நன்றாக இருக்கிறான். கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கடைக்குப் பலமுறை கொண்டுபோனேன். பேர் சொல்லி ஜெபம் பண்ணினதைத் திரும்ப வாங்குகிற வழக்கம் இல்லையே டீச்சர் என்றார்கள் ரூபி அக்கா. வேறு யாருக்காவது கொடுக்கலாம் என்றால், இது யாருக்கு என்று மனசுக்குள் ஒரு குரல் கேட்கும், கை அப்படியே நின்றுவிடும். கோட்டு அலமாரியிலேயே கிடந்தது. ஒவ்வொரு மழைக்காலமும் எனக்குள் பயந்துகொண்டே இருப்பேன். ஒரு காய்ச்சல்கூட வந்ததில்லை. வருஷங்கள் போகப்போக, சரி, அந்த அம்மாள் மன்னித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போன வாரம், கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிற மத்தியானம், சாப்பிட்டுவிட்டு ஹாலில் படுத்திருந்தேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர் பனியன் தெப்பமாக நனைந்து பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார். "ஃபேனை நிறுத்துங்களேன், குளிருது" என்றேன். தூக்கக் கலக்கத்தில் வந்துவிட்டது என்று நினைத்தேன், ஆனால் உண்மையிலேயே குளிர்ந்தது, பல் தந்தி அடித்தது. அவர் வந்து என் கையைத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. ஃபேனை நிறுத்திவிட்டு, "இரு, போத்திக்க ஏதாவது எடுத்துட்டு வர்றேன்" என்று அலமாரியைத் திறக்கப் போனார். திறக்காதீங்க என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள்.